சபையைக் கவனிக்கும் வேலை என்றால் என்ன? கலை நூதனசாலை தொடங்கும் மட்டக்களப்பாருக்கு ஒரு பதில்

கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக் கலை படித்து முடித்த ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள சிலர் சேர்ந்து ஒரு கலை நூதனசாலை தொடங்கப் பேசுகிறார்கள். பணிப்பாளர் கிடைத்துவிட்டார். அதை நிருவகிக்கப் பதினொரு பேர் கொண்ட சபையும் ஏறக்குறையத் தயார். ‘சபைத் தொடர்புகளும் விசேட செயற்றிட்டங்களும்’ என்ற பதவியை இவரை ஏற்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் உண்மையிலேயே அப்படி ஒரு பதவி இருக்கிறதா, அது பெரிய மனிதர்களுக்குக் கதிரை போட்டுத் தேநீர் கொடுக்கும் வேலையா, ஏற்கலாமா என்று கேட்கிறார்.

வெளிநாட்டில் ஒரு கலை நூதனசாலையின் பணிப்பாளர் அலுவலகத்தில் இந்த வேலையைத்தான் நான் பார்த்தேன். இப்போது ஊரில் சில அமைப்புகளுக்குக் கூட்ட வேலைகளில் கைகொடுக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

பதவி உண்மைதான். அமெரிக்காவில் பெரும்பாலான கலை நூதனசாலைகள் அரச திணைக்களங்கள் அல்ல, இலாப நோக்கற்ற தனி அமைப்புகள். சட்டப்படி அவற்றுக்குப் பொறுப்பு சபையே. பெரிய நூதனசாலை என்றால் சபையில் முப்பது, நாற்பது பேர் இருப்பது சாதாரணம். அவர்களுக்குள் நிதிக்குழு, சேகரிப்புக்குழு, கணக்காய்வுக்குழு, புது உறுப்பினரைத் தேடும் குழு என்று பல குழுக்கள். எப்போது கூடுவது, எந்தக் கடதாசி யாருக்குப் போகவேண்டும், போன தடவை என்ன முடிவானது, அதை யார் செய்து முடித்தார், யாருடைய பதவிக்காலம் எப்போது முடிகிறது என்பதையெல்லாம் ஒருவர் கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவர் பணிப்பாளரின் அலுவலகத்தில் இருப்பார். கூடவே, எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத வேலைகள் ஒரு நூதனசாலையில் வந்துகொண்டே இருக்கும். அவையும் அதே மேசைக்கு வரும். பதவிப் பெயரின் இரண்டாம் பாதி அங்கிருந்து வந்தது.

கதிரையும் தேநீரும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். வடை ஆறிப்போன கூட்டத்தில் நிதி அறிக்கையை யாரும் ஒழுங்காகக் கேட்பதில்லை. ஆனால் அது வேலையின் மிகச் சிறிய பகுதி.

எங்கள் பக்கத்தில் இந்த வேலையின் கடினமான பகுதி வேறொன்று. மட்டக்களப்பாருக்குச் சபை நடத்துவது புதிதல்ல. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் போன்ற பெரிய கோயில்களின் நிருவாகத்தைப் பாருங்கள். குடிகளுக்கும் (தாய்வழிக் குலங்களுக்கும்) ஊர்களுக்கும் பங்கு உண்டு, கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மார் உண்டு, இன்ன நாள் திருவிழா இன்னாருக்கு என்ற உரிமை உண்டு. கிழக்கின் பழைய பள்ளிவாசல்களிலும் குடி வழியாக வந்த நிருவாகிகளான மரைக்காயர்மார் இருந்தார்கள். இப்போது 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர் சபைகள் இருக்கின்றன. இந்த ஒழுங்குகளைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பல தலைமுறையாகச் சண்டையை அடக்கி, சொத்தைக் காத்து வந்தவை அவை. ஆனால் அவற்றில் அமர்ந்திருப்பவர் ஒரு தரப்பின் ஆள். தன் குடியின் பங்கு குறையாமல் பார்ப்பது அவருடைய கடமை, அப்படிச் செய்யாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது.

நூதனசாலைச் சபையில் அமர்பவர் எந்தத் தரப்புக்கும் ஆள் அல்ல. காரைதீவிலிருந்து வந்தாலும் காத்தான்குடியிலிருந்து வந்தாலும், உள்ளே வந்தபின் அவர் கடமைப்பட்டது நூதனசாலைக்கு மட்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இதையே சொல்கிறது: பணிப்பாளர் சபையில் உள்ளவர் நல்லெண்ணத்தோடு கம்பனியின் நலனுக்காகச் செயற்பட வேண்டும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிந்தாலும் அடிப்படை அதுதான், பொறுப்பில் உள்ள சொத்தால் தனக்கு இலாபம் பார்க்கக் கூடாது. பதினொரு பேரைத் தெரிவு செய்தவர்கள் எப்படித் தெரிவு செய்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடியும். புளியந்தீவுக்கு ஒருவர், படுவான்கரைக்கு ஒருவர், காத்தான்குடிக்கு ஒருவர், கல்முனைக்கு ஒருவர், பறங்கியர் சமூகத்துக்கு ஒருவர், சிங்களத் தரப்புக்கு அம்பாறையிலிருந்து ஒருவர். அதில் தவறில்லை, கிழக்கில் அப்படித்தான் தொடங்கமுடியும். ஆனால் ஆட்களாக உள்ளே வந்த இந்தப் பதினொரு பேரையும் இரண்டு வருடத்துக்குள் பொறுப்பாளர்களாக மாற்றுவதுதான், தங்கச்சி, உங்கள் உண்மையான வேலை. பதவிக் கடிதத்தில் இதை யாரும் எழுதமாட்டார்கள்.

சரி, எப்படி மாற்றுவது? பேச்சால் முடியாது. கடதாசியால் முடியும், கொஞ்சம் பொறுமையாலும்.

முதற் கடதாசி நிகழ்ச்சி நிரல். எங்கள் வழக்கமான கூட்டத்தில் நிரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: மௌன இறைவணக்கம், தலைமையுரை, சென்ற கூட்டறிக்கை வாசித்தல், பொருளாளர் அறிக்கை, ‘வேறு விடயங்கள்’. உண்மையான கூட்டம் அந்தக் கடைசித் தலைப்பின் கீழ்தான் நடக்கும், இரவு எட்டு மணிக்கு, பாதிப்பேர் போன பிறகு. இதைத் தலைகீழாக்குங்கள். சபை இன்று எடுக்கவேண்டிய முடிவுகள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றைத் தொடக்கத்திலேயே போடுங்கள், ஒவ்வொன்றையும் கேள்வியாகவே எழுதுங்கள். ‘களஞ்சிய அறை பற்றி’ என்று எழுதினால் எல்லோரும் தத்தம் வீட்டுக் களஞ்சியம் பற்றிப் பேசுவார்கள். ‘களஞ்சியத்தை மேல்மாடிக்கு மாற்ற இந்த மதிப்பீட்டை அங்கீகரிப்பதா?’ என்று எழுதினால் ஆம் அல்லது இல்லை வந்தே தீரும். விவாதம் தேவைப்படாத அங்கீகாரங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து ஒரே வாக்கில் முடித்துவிடலாம். யாராவது ஓர் உறுப்பினர் கேட்டால் மட்டும் அதிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துப் பேசுவார்கள்.

கூட்டப் பொதி, அதாவது நிரலும் அதற்கான கடதாசிகளும், ஒரு வாரத்துக்கு முன்னராவது போகவேண்டும். அப்புறம் போன் எடுங்கள். பொதியை அனுப்பிவிட்டு எல்லோரும் வாசிப்பார்கள் என்று நம்பி இருப்பவர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, ‘மூன்றாம் விடயத்தில் உங்களுக்கு ஏதும் தெளிவில்லாமல் இருக்கிறதா ஐயா?’ என்று கேட்டால் போதும். எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று கூட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அதைத் தலைவரிடமும் பணிப்பாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால் உங்களை அந்தத் தரப்பின் ஆளாகக் கணக்கெடுத்துவிடுவார்கள்.

உங்களிடம் ஒருநாள் ஓர் உறுப்பினர் வந்து, ‘மகள், இது உனக்கு மட்டும் சொல்றன், டிரெக்டரிட்ட சொல்லாதே’ என்பார். நல்ல மனிதராகவும் இருப்பார், உங்கள் அப்பாவைத் தெரிந்தவராகவும் இருப்பார். அப்போதே சொல்லிவிடுங்கள்: ‘ஐயா, நான் பணிப்பாளருக்குக் கீழே வேலை செய்கிறேன், கேட்டதை அவரிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. வேண்டுமென்றால் தலைவரோடு நேரே பேசுங்கள், நான் நேரம் எடுத்துத் தருகிறேன்.’ முதல் தடவை அவருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

கூட்டறிக்கை பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் கெடுவது அதுதான். நம் அறிக்கைகளில் யார் யார் என்ன பேசினார் என்பது வரிக்கு வரி இருக்கும். ‘திரு. இன்னார் ஆவேசமாகக் கூறியதாவது’ என்றுகூட எழுதியிருப்பார்கள். கடைசியில் என்ன முடிவானது என்று தேடினால் கிடைக்காது. சபை அறிக்கையில் வேண்டியவை இவ்வளவுதான்: யார் வந்தார்கள், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இருந்ததா, எந்த ஆவணம் முன்வைக்கப்பட்டது, என்ன காரணத்தால் என்ன தீர்மானம், யார் செய்வது, எந்தத் திகதிக்குள், யார் தன் சொந்த நலனை வெளிப்படுத்தி வெளியே போனார். கிழக்கில் கோயில் வழக்குகள் எவ்வளவு காலம் இழுபடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது உங்கள் அறிக்கைப் புத்தகம்தான். பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தித் தலைவரின் கையொப்பம் வாங்குங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால், முரண் வரும்போது எது செல்லும் என்பதை முதற் கூட்டத்திலேயே தீர்மானமாக்குங்கள். சிங்களம் மட்டும் வாசிக்கும் உறுப்பினர் இருந்தால் அவருக்குச் சிங்களப் பொதி போகவேண்டும். கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை மூன்று மொழியிலும் இயங்குகிறது, இங்கே நாம் அதைவிடக் குறைவாகச் செய்ய நியாயமில்லை.

கம்பனியாகப் பதிந்தால் சட்டப்படி கம்பனிச் செயலாளர் ஒருவர் வேண்டும். அது வேறு, உங்கள் பதவி வேறு. பதிவாளருக்கு அனுப்பும் படிவங்கள் அவருடைய பொறுப்பு. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டிச் சம்பளம் மிச்சம்பிடிக்கப் பார்ப்பார்கள். கவனம்.

வட்ஸ்அப் குழு கட்டாயம் தொடங்கும், தடுக்க முடியாது. அதில் திகதியும் இடமும் மட்டும். இரவு பதினொன்றரைக்கு ஒருவர் படம் போட்டு, ‘இதை வாங்குவோமா?’ என்று கேட்க, ஆறு பேர் கட்டைவிரலைக் காட்ட, அடுத்த நாள் ஒருவர் முற்பணம் கொடுத்துவிட்டு வருவார். அது தீர்மானம் அல்ல. கூட்டமில்லாமல் முடிவெடுக்க வேண்டிய அவசரம் வந்தால் உங்கள் அமைப்பு விதிகள் சொல்கிறபடி எழுத்தில் சுற்றறிக்கைத் தீர்மானம் அனுப்பி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். விதிகளில் அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், பதியும் முன்னரே சட்டத்தரணியிடம் சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள்.

நலன் முரண்பாடு பற்றி எல்லோரும் மேடையில் பேசுவார்கள், படிவம் என்று ஒன்றை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். ‘எங்களைக் கள்ளர் என்கிறீர்களா?’ என்ற கேள்வி வரும். அதனால் படிவத்தை முதலில் தலைவரே நிரப்பி, கூட்டத்தில் எல்லோர் முன்னும் கொடுக்கட்டும். வருடம் தோறும் ஒரு தடவை. வியாபாரம், காணி, நூதனசாலையில் வேலை செய்யும் உறவினர், சொந்தக் கலைச் சேகரிப்பு என்று எல்லாம் அதில் வரவேண்டும். இங்கே சொந்தம் என்றால் பெண்சாதி பிள்ளைகளோடு நிற்காது. தங்கையின் கணவர், மச்சான், சம்பந்தி எல்லாம் எழுத வேண்டும். கூரைக்கு ஒப்பந்தம் எடுப்பவர் உறுப்பினரின் மைத்துனராக இருப்பது குற்றமில்லை, ஊர் அவ்வளவுதான் பெரியது. அவர் அதை வெளிப்படுத்தி, அந்த விடயம் பேசும்போது அறையை விட்டு வெளியே போய், வாக்களிக்காமல் இருந்து, அது அறிக்கையில் பதிவானால் போதும்.

கலை நூதனசாலைக்கென்றே வரும் சிக்கல் வேறு: சபையில் ஓவியர் இருப்பார், சேகரிப்பாளரும் இருப்பார். நூதனசாலை ஒருவரின் ஓவியத்தைக் காட்டினால் அவருடைய மற்ற ஓவியங்களின் விலை ஏறும். பழைய பித்தளையும் ஏடும் தேடித் திரிபவர் நூதனசாலைக்கு வரும் தகவலை வைத்துத் தானே முந்திப்போய் வாங்கிவிடலாம். சர்வதேச நூதனசாலைகள் பேரவையின் ஒழுக்கக்கோவை 1986இல் ஏற்கப்பட்டு 2004இல் திருத்தப்பட்டது. சேகரிக்கும்போது தன் நிறுவனத்தோடு போட்டியிடாதே என்று நூதனசாலைத் தொழிலில் உள்ளவர்களுக்கு அது சொல்கிறது. நம் சபை உறுப்பினருக்கும் அதே விதியை வையுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சிறு ஆவணத்தைத் தமிழாக்கி ஒவ்வொருவருக்கும் கொடுப்பது உங்கள் முதல் விசேட செயற்றிட்டமாக இருக்கட்டும்.

அன்பளிப்பாக வரும் பொருளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஓர் உறுப்பினர் தன் வீட்டு ஏட்டுச்சுவடியையோ வெண்கலச் சிலையையோ கூட்டத்துக்கே கொண்டுவந்து மேசையில் வைப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். இலங்கைச் சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருள் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். அது எங்கிருந்து வந்தது, கொடுப்பவருக்கு உரிமை உண்டா, ஏதாவது கோயிலிலிருந்து போர்க்காலத்தில் காணாமற்போனதா என்று பார்க்கும் முன் சபை அதை ஏற்கக்கூடாது. ‘நன்றி, சேகரிப்புக்குழு பார்த்துவிட்டு எழுதும்’ என்று ஒரு பற்றுச்சீட்டு கொடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தலைவரைப் பழக்கிவிட்டால் பாதித் தலையிடி போய்விடும்.

ஓவியம் வாங்கினால் அதன் பதிப்புரிமை தானாகக் கைமாறாது என்பதையும் ஒருதடவை சபைக்குச் சொல்லி வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்குரியது. இல்லையென்றால் யாராவது அதை நாட்காட்டியில் அடித்து நன்கொடையாளருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பணத்துக்கு வருவோம். உங்கள் நூதனசாலைக்குப் பணம் பெரும்பாலும் ரொறன்ரோ, லண்டன், சுவிஸ் பக்கமிருந்துதான் வரும். வரும்போது ஒரு பெயரும் சேர்ந்து வரும்: ‘இந்த அறைக்கு எங்கட அப்பாவின் பெயர் வைக்கவேணும்.’ வைக்கலாம். ஆனால் நம் மக்கள் மனதில் கொடை என்பது திருவிழா உபயம் மாதிரி. ஒருதடவை ஏற்றால் அது பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் உரிமையாகிவிடும். இருபது வருடம் கழித்து அந்த அறையை இடித்துப் பெருப்பிக்க நினைத்தால் பேரன் கனடாவிலிருந்து வக்கீல் கடிதம் அனுப்புவான். அதனால் பெயர் எத்தனை வருடத்துக்கு, கட்டடம் மாறினால் என்ன, கொடுத்தவர் பெயருக்குக் களங்கம் வந்தால் என்ன என்று மூன்றையும் கொடைக் கடிதத்தில் எழுதி இரு பக்கமும் கையொப்பமிடுங்கள். ஆசைப்பட்டுக் கொடுப்பவரிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆகவேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். நியூயோர்க் விட்னி நூதனசாலையில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். சபையின் துணைத் தலைவராக இருந்த வாரன் கான்டர்ஸின் கம்பனி கண்ணீர்ப்புகைக் குண்டுகளை விற்கிறது என்று 2018 நவம்பரில் வெளிவந்தது. ஊழியர்களே கடிதம் எழுதினார்கள், மாதக்கணக்காக எதிர்ப்பு நடந்தது. 2019 ஜூலையில் எட்டுக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளைக் கண்காட்சியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், ஜூலை 25 அவர் விலகினார். மட்டக்களப்பில் இது வேறு உருவத்தில் வரும். ஆற்று மண், காணி, போர்க்காலத்துக் கணக்குகள் என்று இங்கே கேட்பதற்கு நிறைய இருக்கிறது. பெயர்ப்பலகை ஏறிய பின் கேட்பதைவிட, சபைக்கு ஒருவரை அழைக்கும் முன் நியமனக்குழு கேட்டுவிடுவது எல்லோருக்கும் மரியாதை. அந்தக் கேள்விகளைத் தயாரித்து வைத்திருப்பது உங்கள் வேலை, முடிவெடுப்பது அவர்கள் வேலை.

இன்னொரு கதையும் சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் டெலவெயர் கலை நூதனசாலை தன் கட்டட விரிவாக்கக் கடனை அடைக்க 2014இல் சேகரிப்பிலிருந்து ஓவியங்களை விற்றது. ஹோல்மன் ஹன்ட் வரைந்த ஒரு புகழ்பெற்ற ஓவியமும் அதில் போனது. கலை நூதனசாலைப் பணிப்பாளர்களின் சங்கம் உடனே தடை போட்டது: சங்கத்தின் உறுப்பு நூதனசாலைகள் அதற்கு ஓவியம் இரவல் கொடுக்கக் கூடாது, கண்காட்சியில் ஒத்துழைக்கவும் கூடாது. சேகரிப்பு வங்கியில் அடகு வைக்கும் நகை அல்ல என்பதைப் பணக்கஷ்டம் வரும் முன்பே விதியாக எழுதி வைத்தால்தான் நிற்கும். கஷ்டம் வந்தபின் எழுதினால் கஷ்டத்துக்கு ஏற்ற மாதிரி எழுதிவிடுவார்கள்.

நாட்காட்டி சின்ன விடயம் மாதிரித் தெரியும், ஆனால் கிழக்கில் அது ஒரு கலை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையோடு மாமாங்கத் தீர்த்தம், நோன்பு மாதம், வெள்ளி ஜும்ஆ, போயா தினங்கள், பெரும்போக அறுவடை, மாரி வெள்ளம், வருடக் கடைசியில் கச்சேரி உத்தியோகத்தர்களின் கணக்கு முடிப்பு என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சும் கிழமைகள் கொஞ்சம். வருடத் தொடக்கத்திலேயே நாலு கூட்டத் திகதிகளையும் குறித்துத் தீர்மானமாக்கி விடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிதாகத் திகதி தேடுகிற சபை, கோரம் இல்லாத சபையாகவே முடியும். இடமும் மாறட்டும். எல்லாக் கூட்டமும் மட்டக்களப்பு நகரில் நடந்தால் அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் வருபவர் மூன்றாம் கூட்டத்தோடு நின்றுவிடுவார்.

இனி விசேட செயற்றிட்டங்கள். இவை எப்படிப் பிறக்கும் தெரியுமா? தேநீர் நேரத்தில் ஓர் உறுப்பினர், ‘நாங்கள் ஏன் ஒரு சிற்பப் பூங்கா செய்யக்கூடாது?’ என்பார். மற்றவர்கள் நல்ல யோசனை என்பார்கள். ஒரு மாதத்தில் அது உங்கள் மேசையில் இருக்கும், பணமும் ஆளும் இல்லாமல். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: யார் கேட்டது, எதற்கு, எவ்வளவு, யார் செய்வது, எப்போது முடியும், முடிந்தபின் யார் பராமரிப்பது. கடைசிக் கேள்வியில்தான் பாதி யோசனைகள் விழும். விழட்டும். நீங்கள் ‘முடியாது’ என்று சொல்லத் தேவையில்லை, அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

சும்மா யோசனைகளைத் தள்ளிவிட்டு, இரண்டு செயற்றிட்டங்களை நீங்களே சபைக்குக் கொண்டுபோங்கள் என்பேன்.

ஒன்று, அனர்த்தத் திட்டம். கவர்ச்சியில்லாதது, யாரும் அதற்குப் பெயர்ப்பலகை கேட்கமாட்டார்கள். ஆனால் இது 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர், 2004 டிசம்பர் 26 நாவலடியையும் கல்லடியையும் கடல் கொண்டுபோன ஊர், 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த ஊர். வடகீழ்ப் பருவமழை ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு கட்டடத்தில் கடதாசியும் துணியும் மரமும் வைத்திருக்கப் போகிறீர்கள். எதை முதலில் தூக்குவது, எங்கே கொண்டுபோவது, பணிப்பாளர் ஊரில் இல்லாவிட்டால் இரவில் களஞ்சியத்தைத் திறக்க யாருக்கு அதிகாரம், திறப்பு யாரிடம் என்பவை முன்கூட்டியே சபை தீர்மானிக்க வேண்டியவை. தண்ணீர் முற்றத்துக்கு வந்தபின் தலைவருக்குப் போன் எடுத்து அனுமதி கேட்க முடியாது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு ஒத்திகை வையுங்கள். உறுப்பினர்கள் இரண்டு பேரையாவது அதற்கு வரச்சொல்லுங்கள். ஓவியப் பெட்டி ஒன்றை ஏணிப்படியில் தூக்கிப் பார்த்தவர் மேல்மாடிக் களஞ்சியத்துக்குப் பணம் ஒதுக்க மறுக்கமாட்டார்.

மற்றது, இரண்டு மாவட்டத்தையும் சேர்க்கும் ஒரு கண்காட்சி. மருதமுனை நெசவு ஒன்று. அல்லது கொம்புமுறி. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து, வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கொம்பு இழுக்கும் இந்த விளையாட்டு மட்டக்களப்புத் தமிழ் ஊர்களில் இருந்தது. அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் பானமையில், பத்தினி வழிபாட்டில், சிங்களத்தில் அதை அங்கெலிய என்கிறார்கள். சபையில் உள்ள தமிழரும் சிங்களவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, ‘இது எங்களிடமும் உண்டே’ என்று சொல்லக்கூடிய பொருள் கிழக்கில் அதிகமில்லை. இது ஒன்று.

ஆனால் பொருட்களை யாரிடமிருந்து எடுப்பீர்கள்? கோயிலிடமிருந்தும் கூத்துக்காரரிடமிருந்தும். கோயில் அன்பளிப்பாகத் தராது, தரவும் கூடாது. இரவல்தான். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வண்ணக்கரின் கையொப்பம் மட்டும் போதாது, நிருவாகத்தின் தீர்மானப் பிரதியும் வேண்டும். சடங்கு நாளுக்கு அந்தப் பொருள் கோயிலுக்குத் திரும்பிப் போய் மீண்டும் வரும் என்ற பிரிவும் வேண்டும். மேலைத்தேய இரவல் படிவத்தை அப்படியே பிரதி எடுத்தால் அதில் இப்படி ஒரு பிரிவு இருக்காது, கண்காட்சி முடியும்வரை பொருள் அசையாது என்றே இருக்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கூத்து உடையான ஒரு கரப்புடுப்பை வாங்கினாலும் இதே கதைதான், அடுத்த அரங்கேற்றத்துக்கு அவருக்கு அது தேவை. காப்பாளர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். பயன்பாட்டில் உள்ள பொருளை வைத்திருப்பதன் விலை அது. காத்தான்குடியில் முஸ்லிம்களின் பூர்வீக நூதனசாலை இயங்குகிறது. இரவல், பதிவு, வருபவரைக் கையாளுதல் என்பவற்றில் அவர்களோடு பேசுங்கள். பக்கத்திலேயே உள்ள அனுபவத்தை விட்டுவிட்டு நியூயோர்க்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது சரியில்லை. அந்தத் தவறு என் பதிலுக்கும் பொருந்தும்.

என்ன படிக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். நூதனசாலைப் பட்டப்படிப்பு இதற்கு அவசியமில்லை. ஐந்தொகையையும் வருமானச் செலவுக் கூற்றையும் வாசிக்கத் தெரியவேண்டும், ஒரு கணக்காளரோடு இரண்டு பின்னேரம் இருந்தால் வந்துவிடும். சிங்களம் பேசப் பழகுங்கள். உங்கள் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் போய் இருங்கள், தீர்மானம் எங்கே நழுவுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். காட்சிக் கலை படித்தது வீணில்லை. பதினொரு பேர் பணத்தைப் பற்றியே பேசும் அறையில் ஓவியத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும்.

ஏற்கலாமா? ஏற்கலாம், இரண்டு விடயம் எழுத்தில் இருந்தால். நீங்கள் பணிப்பாளருக்குக் கீழேதான் வேலை செய்கிறீர்கள், தலைவருக்குக் கீழே அல்ல என்று நியமனக் கடிதம் சொல்லவேண்டும். தலைவர் மூன்று வருடத்தில் மாறுவார், உங்களால் அப்படி மாற முடியாது. சம்பளம் நூதனசாலையின் நடைமுறைச் செலவுக் கணக்கிலிருந்து வரவேண்டும். ‘முதல் வருடம் நான் என் கையால் தருகிறேன் மகள்’ என்று சபையில் ஒருவர் சொன்னால், அந்தப் பணத்தை நூதனசாலைக்கே நன்கொடையாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள். பிறகு நூதனசாலை உங்களுக்குச் சம்பளம் தரட்டும்.